ரிட்டயர்டு ஆகி ஒன்றரை வருஷம் ஆச்சு, காலையில எழுந்தா எங்க போறது? (கடலூர்)

#1
கெடிலக்கரை
5 ஜனவரி 2025, காலை 5:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருக்கேன். எழுதறது இதுதான் முதல் தடவை, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

மின்வாரியத்துல 34 வருஷம். ஹெல்பரா சேர்ந்து, ஒயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர், கடைசில ஃபோர்மேன். 2023 ஜூன் கடைசி நாள் ரிட்டயர்டு. 58ல போக வேண்டியவன். 2020ல 59 ஆக்குனாங்க, அடுத்த வருஷமே 60 ஆக்குனாங்க. ரெண்டு தடவையும் வீட்டுல "இன்னும் எவ்ளோ நாள் மழையில கெடப்பீங்க"ன்னு கோவிச்சிக்கிட்டாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான்.

பென்ஷன் வருது. கடன் இல்ல. பொண்ணு கோயம்புத்தூர்ல, பையன் ஓசூர்ல, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா காலைல நாலரைக்கு முழிப்பு வந்துடுது. காபி, பேப்பர், தேவனாம்பட்டினம் பீச் வரைக்கும் ஒரு நடை. வீட்டுக்கு வந்தா மணி ஏழரை. அதுக்கப்புறம் ராத்திரி வரைக்கும் இருக்கற நேரத்தை என்ன பண்றதுன்னு தெரியல.

தானே புயல் ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். 2011 டிசம்பர் 30 விடியக்காலை. விடிஞ்சு பாத்தா கடலூர் பக்கம் நிக்கற கம்பத்தை விட சாஞ்ச கம்பம்தான் அதிகம். பண்ருட்டி ரோட்டுல முந்திரியும் பலாவும் வேரோட கெடக்குது, அதைத் தாண்டி வண்டி போகாது. கம்பத்தைத் தோள்ல தூக்கிட்டு வரப்பு மேல நடந்தோம். எத்தனையோ நாள் வீட்டுக்கே வரல. ஒரு ஊர்ல சாயங்காலம் ஸ்விட்ச் போட்டு தெருவிளக்கு எரிஞ்சப்ப ஒரு பாட்டி என் கையைப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்ல. அந்தக் கை இப்பவும் எனக்குத் தெரியுது.

இப்ப ஃபெஞ்சல். போன நவம்பர் 30 ராத்திரி கரை கடந்துச்சு, ரெண்டு நாள்ல தென்பெண்ணையில வெள்ளம். எங்க தெருவுலயும் கரண்ட் இல்ல. வாசல்ல நின்னு பாக்கறேன், என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பசங்க கம்பத்துல ஏறிட்டிருக்காங்க. குடையை எடுத்துக்கிட்டு கிட்டப் போனேன். "சார், நீங்க உள்ள போங்க, நனையாதீங்க"ன்னான் ஒருத்தன். மரியாதையாத்தான் சொன்னான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

என் கேள்வி இதுதான். ரிட்டயர்டு ஆனவங்க நீங்க என்ன பண்றீங்க? சம்பளத்துக்கு வேற வேலைக்குப் போனீங்களா, சேவைன்னு எதுலயாவது சேர்ந்தீங்களா? மனசு நிக்கறதுக்கு எது உதவுச்சு?


#2
பாடலிநகர்
5 ஜனவரி, காலை 8:12

சார், கோயில் கமிட்டில சேருங்க. நேரம் போறதே தெரியாது. நான் திருப்பாதிரிப்புலியூர்ல அப்படித்தான் இருக்கேன்.


#3
மஞ்சக்குப்பம் டீச்சர்
5 ஜனவரி, காலை 11:30

கெடிலக்கரை சார், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு இப்போது 67 வயது.

நேரம் போவது ஒரு பிரச்சினையே இல்லை. டி.வி. போட்டாலும் நேரம் போகும். நமக்கு வேண்டியது வேறு. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு, குறிப்பிட்ட ஒரு ஆள் "இன்னும் காணோமே" என்று நம்மைத் தேட வேண்டும். வேலையில் இருந்தபோது அது சம்பளத்தோடு சேர்ந்தே வந்ததால் அதற்குத் தனியாகப் பெயர் வைக்கத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பென்ஷன் தொடர்ந்து வந்தது, இது நின்றுபோனது.

முதல் ஒரு வருடம் நான் தப்பு செய்தேன். பழைய பள்ளிக்கு மாதம் ஒருமுறை போவேன். நாற்காலி போடுவார்கள், டீ வாங்கி வருவார்கள். குழந்தைகள் எழுந்து வணக்கம் சொல்லும். பத்து நிமிடம் பேசிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் முன்பைவிடப் பாரமாக இருக்கும். போய் வந்ததால் யாருக்கும் எதுவும் மாறவில்லை, அதுதான் காரணம்.

கொரோனா முடிந்து இல்லம் தேடிக் கல்வி தொடங்கினார்களே, 2021 அக்டோபரில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கி வைத்தது. எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பெண் அந்த மையத்தை நடத்தினாள். மாலையில் இருபது பிள்ளைகள், அவள் ஒருத்தி. எழுத்தே தெரியாத நாலு பேரை மட்டும் என்னிடம் விடு என்று கேட்டேன். ஏறக்குறைய இரண்டு வருடம் பள்ளி மூடியிருந்ததில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு "அ" தெரியவில்லை. தலைமை ஆசிரியையாக இருந்தவள் அந்தப் பெண்ணின் கீழ் உதவியாளராகப் பாயில் உட்கார்ந்தேன். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

அந்த நாலு பேரில் ஒருவன் மீனவர் வீட்டுப் பையன். "ப", "ம" இரண்டையும் மாற்றி மாற்றி வாசிப்பான். அட்டை காட்டினேன், மணலில் எழுதச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அவன் அப்பா படகில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லச் சொன்னேன். எழுத்தைப் பார்க்காமலே படம் போல வரைந்து காட்டினான். அதில் "ம" இருந்தது. "இதுதான்டா அது" என்றேன். அப்படியே வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். அதன் பிறகு அவன் "ம"வைத் தப்பாகச் சொல்லவே இல்லை.

ஒருமுறை காய்ச்சல், இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் அவன் வாசலில் வந்து நின்று, "ஏன் டீச்சர் வரல? நான் வந்தேன்ல?" என்று சண்டைக்கு வந்தான். அந்தச் சண்டைக்காகத்தான் இன்றும் போகிறேன்.

உங்களுக்கும் அப்படி ஒரு மணி நேரத்தைத் தேடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும். ஆனால் எந்த நாள், எத்தனை மணி என்று எதிரில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.


#4
முதலியார்பேட்டை
5 ஜனவரி, இரவு 9:55

டீச்சரம்மா சொல்றது சரி. ஆனா எங்கள மாதிரி ஆளுங்க கதையும் வேணும் இங்க.

நான் புதுச்சேரி. மில்லுல 29 வருஷம், நெசவுல. மில்லு மூடிட்டாங்க. பி.எஃப். பென்ஷன் மாசம் 1,680. குறைஞ்ச பென்ஷன் ஆயிரம்னு 2014ல வச்சது, இன்னிக்கும் அதே ஆயிரம்தான். வீட்டு வாடகை 5,000. அதனால மனசு நிக்கறதுக்கு என்ன பண்ணலாம்னு எனக்கு யோசிக்க நேரம் வரல. இப்ப 64 வயசு, ஒரு அபார்ட்மெண்ட்ல நைட் வாட்ச்மேன். ராத்திரி எட்டுல இருந்து காலைல எட்டு வரைக்கும்.

எங்க தாத்தாவும் மில்லுதான். 1936 ஜூலை 30ந்தேதி இங்க பிரெஞ்சு போலீஸ் சுட்டதுல 12 தொழிலாளிங்க செத்தாங்க. அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலைன்னு சட்டம் வந்துச்சு. வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு மாலை போடப் போவோம். நான் இப்பவும் போறேன். போயிட்டு அன்னிக்கு ராத்திரி 12 மணி நேர டூட்டிக்கு வந்து உக்காருவேன். அது நெஞ்சுல குத்தும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். மில்லு மூடின புதுசுல வீட்டுல சும்மா இருந்த எட்டு மாசம்தான் என் வாழ்க்கையில மோசமான காலம். சங்கு ஊதற நேரத்துக்கு எழுந்து சட்டை போட்டுக்கிட்டு திண்ணையில உக்காந்திருப்பேன். எங்கயும் போறதுக்கு இல்ல. இப்ப அந்த அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடியில ஒரு அம்மா தனியா இருக்காங்க, 80க்கு மேல. காலைல ஆறு மணிக்கு கதவைத் திறந்து பால் பாக்கெட்டை எடுப்பாங்க. எடுக்கலன்னா நான் மேல போய் தட்டணும். அவங்க பையன் சொல்லல, அபார்ட்மெண்ட் சங்கமும் சொல்லல. நானா வச்சுக்கிட்டது. போன மார்ச்சுல ஒரு நாள் பால் அப்படியே இருந்துச்சு. பாத்ரூம்ல விழுந்து கெடந்தாங்க. இடுப்பு எலும்பு. ஆம்புலன்ஸ் வரைக்கும் கூட இருந்தேன். இப்ப வாக்கர் வச்சு நடக்கறாங்க.

சம்பளம் எனக்கு வாட்ச்மேன் வேலைக்கு. அந்தப் பால் பாக்கெட்டுக்கு யாரும் சம்பளம் தரல. ஆனா காலைல அஞ்சே முக்காலுக்கு நான் தூங்காம இருக்கறது அதுக்குத்தான்.


#5
வாசல்கோலம்
6 ஜனவரி, காலை 10:20

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆண்கள் ரிட்டயர்டு ஆனதைப் பற்றித்தான் பேச்சு. எங்களுக்கு அந்தத் தேதியே வருவதில்லை. எனக்கு 62. இருபது வயதில் பிடித்த கரண்டி இன்னும் கையில் இருக்கிறது. பேரன் பேத்தி இரண்டு பேரையும் காலையில் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் கூட்டி வருவது நான்தான்.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் ஒரு அன்னதானக் குழுவில் சேர்ந்தார். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு அவருக்குக் காபி போட்டு, வேட்டி எடுத்து வைத்து அனுப்புவது யார்? ஊருக்குப் பரிமாறிவிட்டு வந்து வீட்டில் தட்டை எடுத்து வைக்காமல் எழுந்து போகிறார். ஒருநாள் மனசு தாங்காமல் கேட்டுவிட்டேன். "அங்க அம்பது பேருக்குப் பரிமாறற கை, இங்க ஒரு ஆளுக்குப் பரிமாறக் கூடாதா?" அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு போகுமுன் அவரே காபி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் போனார். இப்போது வீட்டில் சாயங்கால டிபன் அவர் பொறுப்பு. அந்த இரண்டு மணி நேரம் எனக்கு.

அந்த நேரத்தில் நான் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போகிறேன். 1827இல் ஆரம்பித்த நூலகம், ஐந்து வருடம் முன்பு வரை உள்ளே காலே வைத்ததில்லை. யாருக்கும் சேவை செய்வதற்காக நான் போகவில்லை. படிக்கப் போகிறேன். இதையும் ஒரு பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.


#6
சென்னையில் ஒரு கடலூர் மகள்
6 ஜனவரி, மதியம் 2:05

வாசல்கோலம் அம்மா, உங்க பதிவை அப்படியே எங்க அப்பாவுக்கு அனுப்பிட்டேன்.

அப்பா கூட்டுறவு வங்கியில இருந்து ரிட்டயர்டு. இப்ப நாள் முழுக்க டி.வி.ல நியூஸ்தான். போன் பண்ணா உலகத்துல நடக்கற சண்டை எல்லாம் சொல்றார், சாப்ட்டியான்னு கேக்க மறந்துடறார். எப்படி அவரை வெளிய கூட்டிட்டு வர்றது?


#7
முன்னாள் தாலுகா
6 ஜனவரி, மாலை 6:48

மகளே, "வெளிய போங்கப்பா" என்று சொல்லாதே. அது யாருக்கும் பிடிக்காது. உன் பிரச்சினை ஒன்றைக் கொண்டுபோய் அவரிடம் கொடு. வங்கியில் இருந்தவர் என்றால் கணக்குத் தெரியும், படிவம் நிரப்பத் தெரியும். அது தெரியாதவர்கள் அவர் தெருவிலேயே இருபது பேர் இருப்பார்கள்.

நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் நாள். வாசலில் மனு எழுதக் காசு கொடுத்து எழுதிக்கொண்டு போகிறார்கள். எழுதியதில் விஷயமே இருக்காது, "ஏழை, விதவை, கருணை காட்டவும்" என்று ஒரு பக்கம். என்ன சர்வே எண், எந்தத் தேதியில் விண்ணப்பித்தார், எதற்காகத் திருப்பினார்கள், இந்த மூன்றும் இல்லாத மனு எந்த மேசைக்கும் போய்ச் சேராது. அந்த மேசையில் இருந்தவன் நான், எனக்குத் தெரியும். அதனால் ஞாயிறு மாலை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். காசு வாங்குவதில்லை.

ஒரு அம்மா. முதியோர் பென்ஷன் வரவில்லை என்று நாலு முறை அலைந்திருக்கிறார். மஞ்சப்பையைக் கவிழ்த்தார். ஆதாரில் "அஞ்சலை", ரேஷன் கார்டில் "அஞ்சலாட்சி", பாஸ்புக்கில் "அஞ்சலையம்மாள்". மூன்று பெயர், ஒரே ஆள். நாலு முறையும் யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டேன். "அதான் சார் எல்லாத்துலயும் இருக்குதே" என்றார். பெயரைச் சரிசெய்யவே மூன்று மாதம் பிடித்தது. இப்போது மாதம் 1,200 வருகிறது.

இன்னொன்று. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர்களை எடுக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் விண்ணப்பிக்கலாம். பயிற்சி கொடுத்து அடையாள அட்டை தருவார்கள், பணி செய்யும் நாளுக்குச் சிறு மதிப்பூதியம் உண்டு. இலவச சட்ட உதவி கேட்டு 15100க்குப் போன் செய்கிறார்களே, அப்படி வருபவர்களுக்கு ஊரிலே வழி காட்டுகிற ஆள் இவர்கள்தான். கடலூரில் நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் எப்போது எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

ஒரே எச்சரிக்கை: அதிகாரியாகவே போய் நிற்காதீர்கள். நாம் இருந்த நாற்காலியில் இப்போது வேறு ஒருவர் இருக்கிறார். அவரிடம் "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தால் நம்மோடு வந்தவருக்கு நடக்க வேண்டிய வேலையும் நடக்காது.


#8
சுரங்கம் இரண்டு
7 ஜனவரி, காலை 7:15

நெய்வேலி. மாதத்தில் இரண்டு ஞாயிறு வடலூர் தருமச்சாலைக்குப் போகிறேன், காய் நறுக்க. 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சுரங்கத்தில் ராட்சத இயந்திரம் ஓட்டியவன் அங்கே போய்ப் பூசணிக்காய் நறுக்குகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து நறுக்குபவர் யார், என்னவாக இருந்தார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எனக்கு அது போதுமாக இருக்கிறது.


#9
கெடிலக்கரை
7 ஜனவரி, இரவு 8:30

எல்லாருக்கும் கும்பிடு. வீட்டுக்காரங்களுக்கும் வாசிச்சுக் காட்டினேன். வாசல்கோலம் அம்மா எழுதினதை மட்டும் ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. இன்னிக்குப் பாத்திரம் நான் கழுவினேன்.

டீச்சர் சொன்ன "இன்னும் காணோமே" மனசுல நின்னுடுச்சு. எனக்குத் தெரிஞ்சது கரண்ட் ஒண்ணுதான். ஃபெஞ்சல் தண்ணி உள்ள புகுந்த வீடுங்கள்ல மீட்டருக்கு உள் பக்கம் வயரிங் எப்படி இருக்குன்னு யாரும் பாக்கல. ஈரம் ஊறின சுவரு, துருப்பிடிச்ச பாக்ஸ். கடற்கரை ஊரு, ஒழுகற கரண்டை மண்ணுக்குள்ள இறக்கற எர்த் பைப் உப்புக்காத்துல நாலஞ்சு வருஷத்துலயே அரிச்சுடும். ஒவ்வொரு வீடாப் போயி பாத்துச் சொல்லலாமான்னு யோசிக்கறேன். இது சரியா வருமா?


#10
ஸ்டாஃப் நர்ஸ் (ஓய்வு)
7 ஜனவரி, இரவு 9:02

நல்ல யோசனை அண்ணே. கம்பத்துல மட்டும் ஏறாதீங்க. பி.பி. மாத்திரை போட்டுட்டுக் கிளம்புங்க. வெறும் வயித்துல கிளம்ப வேண்டாம். சேவைக்குப் போறோம்னு மாத்திரையை மறக்கறவங்களை வார்டுல நெறைய பாத்திருக்கேன்.


#11
ஐடிஐ 2019
7 ஜனவரி, இரவு 10:40

வணக்கம் சார். நான் கடலூர்தான், வயரிங் வேலை பாக்கறேன், லைசென்ஸ் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. மீட்டருக்கு அந்தப் பக்கம், அதாவது கம்பத்துல இருந்து மீட்டர் வரைக்கும் இருக்கறதுல ரிட்டயர்டு ஆனவங்க கை வைக்கக் கூடாது. அங்க தப்பு இருந்தா மின்வாரிய செக்‌ஷன் ஆபீசுக்கோ புகார் மையம் மின்னகம் 94987 94987க்கோ புகார் குடுக்கணும். மீட்டருக்கு இந்தப் பக்கமும் நீங்க பாத்துச் சொல்லுங்க, ஸ்க்ரூவைத் திருப்பறது லைசென்ஸ் உள்ளவன் செய்யட்டும். ஏதாவது ஆச்சுன்னா கெட்ட பேரு உங்களுக்கு.

வேணும்னா நான் வர்றேன். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல எனக்கு வேலை இருக்காது.


#12
கெடிலக்கரை
7 ஜனவரி, இரவு 10:58

தம்பி, நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. 34 வருஷம் நான் மத்தவங்களுக்குச் சொன்னதை இப்ப நீ எனக்குச் சொல்ற. வியாழன் மூணு மணி. புதுப்பாளையம் எங்க தெருவுல ஆரம்பிப்போம்.


#13
கெடிலக்கரை
16 பிப்ரவரி 2025, காலை 5:10

அஞ்சு வியாழக்கிழமை முடிஞ்சுது. சொல்லணும்னு வந்தேன்.

மொத்தம் 31 வீடு பாத்தோம். ஒன்பது வீட்டுல எர்த் வேலையே செய்யல. நாலு வீட்டுல மூணு பின் ப்ளக்குல எர்த் பின்னை உடைச்சுட்டு ரெண்டு பின்னா சொருகியிருக்காங்க, சாக்கெட் பழசுங்கறதுக்காக. ஒரு வீட்டுல துணி காயப்போடற இரும்புக் கம்பியை மின்கம்பம் சாயாம இழுத்துப் பிடிக்கற ஸ்டே கம்பில கட்டியிருந்தாங்க. அன்னிக்கே செக்‌ஷனுக்குச் சொல்லி, அவங்க வந்து பாத்தப்புறம் கம்பியை அவுத்துட்டு நைலான் கயிறு கட்ட வச்சோம். எத்தனை உசுரு அப்படிப் போயிருக்குன்னு எனக்குத்தான் தெரியும்.

ஒரு வீட்டை மறக்க முடியாது. அம்மா தனியா இட்லி மாவு அரைச்சு விக்கறாங்க. கிரைண்டர் கிட்ட ஒரு பலகை கெடந்துச்சு, நடுவுல ரெண்டு பாதம் தேஞ்ச தடம். "இது எதுக்கும்மா?"ன்னேன். "அதுமேல நின்னாத்தான் கிரைண்டர் அடிக்காது சார்"னாங்க. எத்தனை நாளா? "ரெண்டு வருஷமா." டெஸ்டரை வச்சா கிரைண்டர் உடம்புல விளக்கு எரியுது. ரெண்டு வருஷமா அந்தம்மா பலகை மேல நின்னு மாவரைச்சிருக்காங்க, ஈரக் கையோட. தம்பி ப்ளக்கை மாத்தி, புது எர்த் போட்டு, ஆர்.சி.சி.பி.ங்கற பாதுகாப்பு சுவிட்ச் ஒண்ணு மாட்டினான். பொருள் காசை நாங்க ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கிட்டோம்.

ஆர்.சி.சி.பி. பத்தி எல்லாரும் தெரிஞ்சிக்குங்க. வீட்டுக்குள்ள போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கணும். எங்கயோ ஒழுகி, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா கண் சிமிட்டறதுக்குள்ள அது கட் பண்ணிடும். ஃப்யூஸ் அதைப் பண்ணாது, ஃப்யூஸ் வயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒருக்கா அழுத்திப் பாக்கணும். அழுத்தினா விழலன்னா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

போன வியாழன் எனக்கு ஜலதோஷம், மூணேகாலுக்குத்தான் கிளம்பினேன். தெருமுனையில அந்த மாவுக்கார அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க தங்கச்சி வீட்டையும் பாக்கணுமாம். "மூணு மணின்னு சொன்னீங்களே சார், காணோமேன்னு பாத்தேன்"னாங்க.

டீச்சர், இதை உங்களுக்குத்தான் எழுதறேன்.

அடுத்த சனிக்கிழமை குண்டுஉப்பலவாடி பக்கம் போறோம். தென்பெண்ணை வெள்ளம் புகுந்த வீடுங்க. 40 வீடாவது இருக்கும், ரெண்டு பேரால முடியாது. வேலை தெரியணும்னு இல்ல, எந்த வீட்டுல என்ன குறைன்னு நோட்டுல எழுதிக்கிட்டா போதும்.


#14
முன்னாள் தாலுகா
16 பிப்ரவரி, காலை 6:30

நோட்டு நான் எழுதுகிறேன்.


#15
முதலியார்பேட்டை
16 பிப்ரவரி, காலை 8:20

இப்பதான் டூட்டி முடிஞ்சுது. பால் எடுத்துட்டாங்க. சனிக்கிழமை பகல்ல எனக்கு வேலை இல்ல. பாண்டியில இருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள கடலூர். நானும் வர்றேன், டார்ச் புடிக்கறேன். ராத்திரி எட்டுக்குள்ள திரும்பணும், அவ்ளோதான்.


#16
கெடிலக்கரை
16 பிப்ரவரி, காலை 8:24

பஸ் ஸ்டாண்டுல ஒன்பதரைக்கு நிக்கறேன் அண்ணே. தூங்காம வர்றீங்க, வீட்டுல சாப்பிட்டுட்டு அப்புறம் போவோம். தோசை நான் ஊத்தறேன்.